வரிசை நம்ம வாசலில் நிற்க வேண்டும்

"தம்பி, நீங்க பேசுறது பாதிக்குப் பாதி முழுங்கிட்டுத்தான் வருது" என்று மேலூர் கிளை மேனேஜர் அக்கா சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் இந்தக் கூத்து. காலையில் கூப்பிட்டால் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். ஐந்து தாண்டியதும் 'ஹலோ' என்கிற ஒரு சொல்லே இரண்டு தவணையாக வரும். எங்கள் தொழில் நகைக்கடன் என்பதால் தவணையில் வருவது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினார்கள். இன்னொரு காரணமும் உண்டு, ஜிஎம் சார் டார்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தால் "சார்... சார்... லைன் உடையுது சார்" என்று வைத்துவிடலாம். எல்லாக் கிளைக்கும் அது ஒரு வசதி.

ஹெட் ஆபீஸ் மதுரை கே.கே. நகரில். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கை என்று கிளைகள். இவ்வளவுக்கும் நெட்வொர்க் ஆள் நான் ஒருவன், கூட ஒரு ஜூனியர் பையன், ஒரு பைக். மேலூர் கிளைக்கு 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட்) லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி லைன், அதில் நெட்வொர்க் வழியாகவே பேசும் ஆறு ஐபி போன், பத்து கம்ப்யூட்டர், ஹெட் ஆபீஸ் திரையில் நேரலையாக ஓடும் நான்கு சிசிடிவி கேமரா. கிளைக்கு இன்டர்நெட்டும் ஹெட் ஆபீஸ் வழியாகத்தான்.

லைன் கொடுத்தவர்களிடம் கேட்டால் "எங்க பக்கம் கிளீன் சார்" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், காலை 11 மணிக்குச் சோதித்தால் லைன் சுத்தமாகக் காட்டும். அதனால் ஒரு நாள் சாயங்காலம் நானே போனேன். மாட்டுத்தாவணி தாண்டி, ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டி, சுமார் 30 கிலோமீட்டர். ஒரு டீயைச் சொல்லிவிட்டு மூலையில் லேப்டாப்பைத் திறந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க ஹெட் ஆபீஸுக்கு பிங் ஓடவிட்டு உட்கார்ந்தேன். 9 மில்லிசெகண்ட், 9, 10, 9. ஐந்தே கால் வாக்கில் இரண்டு பெண்கள் அன்றைய அடகு ரசீதையும் நகை போட்டோவையும் ஸ்கேன் செய்து ஏற்ற ஆரம்பித்தார்கள். 40. 120. டீ ஆறுவதற்குள் 400.

அந்த 400 ஒரு சாட்சி. 10 எம்பிபிஎஸ் லைனில் 400 மில்லிசெகண்ட் காத்திருப்பு என்றால் எங்கோ ஒரு பெட்டிக்குள் அரை மெகாபைட் சரக்கு வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். நெட்வொர்க்கில் எல்லாமே பாக்கெட் என்கிற சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும், குரல் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்கிறது. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று சம்பந்தி மரியாதை ஆரம்பித்துவிடும். தாமதம்கூடப் பரவாயில்லை, ஒரு பாக்கெட் 50-இல் வந்து அடுத்தது 300-இல் வந்தால் போன் என்ன செய்யும்? காத்திருந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். அக்கா சொன்ன 'முழுங்கிட்டு வருது' அதுதான். ஃபைல் என்றால் தொலைந்த பாக்கெட்டை டிசிபி என்கிற அனுப்பும் முறை திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும், போனில் அரை வினாடி கழித்து வரும் 'லோ'வை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இவ்வளவு பாடுபடுத்தும் குரலின் அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும். குரலை எண்ணாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் குரல் 64 கேபிபிஎஸ், ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால்தான் ஒரு எம்பிபிஎஸ். வினாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு, அதாவது விலாசம் மாதிரியான விவரம். ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஒரு அழைப்புக்கு 87 கேபிபிஎஸ் சொச்சம். ஆறு போனும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ்தான், லைனில் இருபதில் ஒரு பங்கு. கல்யாணப் பந்தியில் ஒரு குழந்தைக்கு இடம் இல்லை என்பதுபோல.

சரி, குரலுக்கு முதல் இடம் கொடுத்துவிடுவோம் என்று ரவுட்டரில் கை வைத்தேன். ஐபி பாக்கெட்டின் தலைப்பில் டிஎஸ்சிபி என்று 6 பிட் இடம் இருக்கிறது, 0 முதல் 63 வரை ஏதாவது ஒரு எண்ணை எழுதலாம். குரலுக்கு 46, அதைத்தான் இஎஃப் என்பார்கள். எங்கள் போன்கள் தாமாகவே 46 போட்டுத்தான் அனுப்பின. ரவுட்டர் மைக்ரோடிக் கம்பெனியுடையது, அதில் 46 வந்தால் முதல் வரிசை, மற்றதெல்லாம் பின்னால் என்று எழுதி முடித்து, மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் 5:30-க்கு அக்கா போன். அதே ஹ... லோ.

ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது, புரிந்ததும் வெட்கமாகிவிட்டது. ரவுட்டரின் போர்ட் 1000 எம்பிபிஎஸ். லைன் 10. ரவுட்டரைப் பொறுத்தவரை வெளியே வாசல் ஹாயாகத் திறந்து கிடக்கிறது, வந்த பாக்கெட்டை வந்த வேகத்தில் தள்ளிவிடுகிறது, அங்கே வரிசையே உருவாகவில்லை. வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னால் விடுவது? நெரிசல் அடுத்த பெட்டியில், லைன் கொடுத்தவர்கள் மாட்டிவைத்த பெட்டியில். அதற்கு என் 46-ம் ஒன்றுதான் 0-வும் ஒன்றுதான்.

இதை வேறு யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஊரே மேலூருக்குக் கிழக்கே, கண்மாய்ப் பாசனம். பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதான வாய்க்காலில் வரும் தண்ணீர் கள்ளந்திரி தாண்டி எங்கள் பக்கம் ஒருபோகத்துக்குத்தான், அதிலும் முறை வைத்து. நீர்பாய்ச்சி மடையைத் திறந்து இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று விடுவதைச் சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கண்மாய்க்கரை உடைந்து தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடியபோது, ஓடுகிற தண்ணீரைக் கைகாட்டி "நம்ம முறைதானே இப்ப?" என்று நான் கேட்டதற்கு, "நிக்கிற தண்ணிக்குத்தான்டா முறை, ஓடுற தண்ணிக்கு ஏது முறை" என்றார் அப்பா. ரவுட்டர் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆக, தண்ணீரை நம்ம மடையில் நிறுத்த வேண்டும். அதற்குப் பெயர் ஷேப்பிங். லைன் 10 எம்பிபிஎஸ் என்றால் ரவுட்டரிடம் 'நீ 9.5-க்கு மேல் அனுப்பாதே' என்று கட்டிப்போடுவது. அந்த அரை எம்பிபிஎஸ்ஸை வேண்டுமென்றே இழக்கிறோம், அதற்குப் பதிலாக வரிசை அடுத்தவன் பெட்டியிலிருந்து நம்ம ரவுட்டருக்கு வந்துவிடுகிறது. இப்போது யார் முன்னால், யார் பின்னால் என்று நாம் சொல்லலாம். மொத்தத்துக்கும் வெளியே 9.5 என்று ஒரு தாய் வரிசை, அதற்குள்ளே குரல், வீடியோ, மற்றவை என்று குட்டி வரிசைகள். சிஸ்கோ ரவுட்டரில் இதை எழுதுவது பாலிசி-மேப்புக்குள் பாலிசி-மேப்பாக, மைக்ரோடிக்கில் கியூ ட்ரீயாக. மைக்ரோடிக்கில் இன்னொன்று, தாய் வரிசைக்கு மேல் எல்லை குறிக்காவிட்டால் பிள்ளைகளுக்கு எழுதின முன்னுரிமை எண் வெறும் அலங்காரம்.

எழுதினேன். எத்தனை பாக்கெட் போனது என்று ரவுட்டர் எண்ணும் கவுன்ட்டரைப் பார்த்தால் எல்லா வரிசையிலும் பூஜ்யம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுத் தப்பும் என்னுடையது. ஃபாஸ்ட்டிராக் என்று ஒரு ஃபயர்வால் விதி இருக்கும், ரவுட்டரின் சிபியு சுமையைக் குறைக்க. அது பாக்கெட்டைக் குறுக்கு வழியில் கொண்டுபோய்விடும், மேங்கிள் என்ற பகுதியில் நான் முத்திரை குத்தும் இடத்துக்கே வராது, முத்திரை இல்லாததால் வரிசைக்கும் வராது. கையேட்டில் தெளிவாகவே போட்டிருக்கிறான், நான்தான் படிக்கவில்லை. விதியை நிறுத்தியதும் கவுன்ட்டர் ஓட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க சரி பண்றதுக்கு முன்னாடியே பரவாயில்ல."

மானம் போன இடம் இதுதான், கற்றுக்கொண்ட இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். குரல் வரிசைக்கு 1 எம்பிபிஎஸ் எல்லை வைத்திருந்தேன். எல்லை வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிசையில் இருப்பவன் மற்ற எல்லாரையும் பட்டினி போட்டுவிடுவான். சிஸ்கோக்காரர்கள் இப்படி முதல் இடம் தரும் வகைகள் மொத்தமும் லைனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஆறு போனுக்கு 1 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் கவுன்ட்டரில் குரல் வரிசை எந்நேரமும் 1 எம்பிபிஎஸ்ஸில் முட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே டிராப் (தூக்கிப் போட்ட பாக்கெட்) எண்ணிக்கை மீட்டர் வட்டிபோல ஏறுகிறது. இரண்டு பேர்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், 180 கேபிபிஎஸ்கூட வராது. மீதி யார்?

பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன். கிளையில் வாடிக்கையாளர் கவுன்ட்டருக்கு மேலே இருக்கும் இரண்டு கேமரா. அவற்றின் அமைப்புப் பக்கத்தில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்பது) என்று ஒரு கட்டம், அதில் மாட்டியவர் யாரோ 46 என்று போட்டுவைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கோ '46 போட்டால் வேகமாகப் போகும்' என்று கேள்விப்பட்டிருப்பார். ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று 4 எம்பிபிஎஸ் படம், 1 எம்பிபிஎஸ் குரல் வாசலில் வந்து நெரிக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டை எல்லாருக்கும் இனாமாகக் கொடுத்தால் எப்படி இருக்கும், அதுதான். அதுவும் சிறப்பு வரிசை மட்டும் நகராமல், பொது தரிசனம் விறுவிறு என்று போய்க்கொண்டிருந்தது. ஸ்கேன் ஏற்றும் பெண்கள் "இன்னைக்கு நெட் சூப்பர் சார்" என்றார்கள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வரும் எந்தப் பொருளின் டிஎஸ்சிபியையும் நம்புவதில்லை. போன்கள் தனி விலேனில் (அதே கம்பியில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்), அந்த விலேனிலிருந்து வரும் 46 மட்டும் செல்லும். மற்ற எது என்ன எண் போட்டு வந்தாலும் வாசலிலேயே 0 என்று அழித்துவிட்டு, தேவையானதற்கு நானே புதிதாக எழுதுகிறேன். இன்னொன்று, போன் மணி அடிக்க வைக்கும் சிக்னலிங் பாக்கெட்டுகளுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும், எங்கள் போன்களில் அதற்கு 24. குரலுக்கு ராஜபாட்டை போட்டுவிட்டு இதை மறந்தால், பேச்சு தெளிவாக இருக்கும், ஆனால் மணியே அடிக்காது.

வீடியோவுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை காலை 9:30 எல்லா மேனேஜருக்கும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் வீடியோ மீட்டிங். வீடியோவும் குரல் மாதிரி அவசரம்தானே, ஒரே வரிசையில் போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, திருமங்கலத்தில் செய்தும் பார்த்தேன், மீட்டிங் ஓடும்போதெல்லாம் கவுன்ட்டர் போன் கரகரத்தது. குரல் சொட்டுநீர்ப் பாசனம், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட், கடிகாரம் மாதிரி. வீடியோ அப்படி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் முகத்துக்குக் கொஞ்சம்தான் போகும், முழுப் படம் ஒன்றை அனுப்பும்போதோ யாராவது எழுந்து நடந்தாலோ பெரிய பெரிய பாக்கெட்டாகக் கும்பலாக வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் மாதிரி, அந்த நேரத்தில் கூடவே ஒரு சைக்கிள்காரர் போக முடியுமா? அதனால் வீடியோவுக்குத் தனி வரிசை, டிஎஸ்சிபி எண் 34, அதன் பெயர் ஏஎஃப்41. முதல் இடம் கிடையாது, ஆனால் 3 எம்பிபிஎஸ் உறுதி. லைன் காலியாக இருந்தால் மேலேயும் எடுத்துக்கொள்ளலாம். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4594 என்கிற இன்டர்நெட் வழிகாட்டி ஆவணமும் குரலுக்கு இஎஃப், வீடியோ கான்ஃபரன்ஸுக்கு ஏஎஃப்4 குடும்பம் என்றுதான் பிரிக்கிறது.

டீம்ஸில் ஒரு நல்ல விஷயம், மீட்டிங் அமைப்பில் போர்ட் (இங்கே கம்பி மாட்டும் இடம் இல்லை, பாக்கெட்டில் எழுதும் ஒரு எண்) வரம்பைக் குறித்துவைத்தால் குரல் 50000 முதல் 50019, வீடியோ 50020 முதல் 50039, திரைப் பகிர்வு 50040 முதல் 50059 என்று தனித்தனியாகக் கிளம்பும். ரவுட்டரில் அதைப் பார்த்தே பிரித்துவிடலாம். மீட்டிங்கின் குரலை 46-இல் சேர்த்துவிட்டேன். ஜிஎம் சார் முகம் உறைந்து நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கிளையிலிருந்து வெளியே போவதற்கு. உள்ளே வருவது? அங்கே மடை நம்ம கையில் இல்லை, ஹெட் ஆபீஸ் கையில். அங்கே லைன் 100, கிளையில் 10. ஹெட் ஆபீஸ் சர்வர் ஒரு அப்டேட்டைத் தள்ளினால் மேலூர் மூழ்கிவிடும், வரிசை மறுபடியும் நடுவில் இருக்கும் பெட்டிக்குப் போய்விடும். அதனால் ஹெட் ஆபீஸ் ரவுட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஷேப்பர், மேலூருக்கு 9.5, அதற்குள்ளே அதே குட்டி வரிசைகள். பல பேர் கிளையில் மட்டும் எழுதிவிட்டு 'நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கல' என்று மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். (ஒரு பக்கம் உடைந்து கேட்டால் இது. ஒரு பக்கம் சுத்தமாகவே கேட்கவில்லை என்றால் அது வரிசைப் பிரச்சினை இல்லை, ரவுட்டரில் விலாசத்தை மாற்றி எழுதும் நாட் அல்லது சிப் ஏஎல்ஜி அமைப்புகள் பக்கம் போய்ப் பாருங்கள்.) நேராக இன்டர்நெட்டிலிருந்து வருவதற்கு இந்த வசதியும் இல்லை, நாம் போட்ட எண் அங்கே செல்லாது. வரும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பிடித்தால் டிசிபி டவுன்லோடுகள் புரிந்துகொண்டு அடங்கும், அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

பழைய கான்ஃபிகரேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஃபைலில் பெரிய பாக்கெட்டைத் துண்டு துண்டாக வெட்டி இடையில் குரலை நுழைக்கும் வரிகள் இருந்தன. 256 கேபிபிஎஸ் லைனில் 1500 பைட் பாக்கெட் ஒன்று போய்முடிய 47 மில்லிசெகண்ட் ஆகும், அப்போது அது நியாயம். 10 எம்பிபிஎஸ்ஸில் 1.2 மில்லிசெகண்ட். தைரியமாக அழியுங்கள். வைஃபையில் பேசும் போன் இருந்தால் மட்டும் ஒன்றைப் பாருங்கள். 46-இன் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்தால் 5 வரும், பல ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை பெட்டிகள்) அதை வைத்துக் குரலை வீடியோ வகையில் தள்ளிவிடும். வைஃபையின் வகை எண்களில் குரல் 6-க்குப் போக வேண்டும் என்று 2018-இல் ஆர்எஃப்சி 8325 எழுதித் திருத்தினார்கள், உங்கள் பெட்டியில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஏம்ப்பா, 50 எம்பிபிஎஸ்ஸா மாத்திட்டா இந்தத் தலைவலியே வேணாமே?" என்று ஜிஎம் சார் கேட்டார். நியாயமான கேள்வி. லைன் பெரிதானால் நெரிசல் நேரம் குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் ஏற்றுவது கிடைக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும் சாதி, 50-ஐயும் நிரப்பும், நிரப்பும் அந்த நேரத்தில் குரல் உடையும். அதைவிட எனக்குப் பாதிப் பலன் தந்தது வரிசை வேலையே இல்லை. நான்கு கேமராவும் முழுப் படமாக 8 எம்பிபிஎஸ் தள்ளிக்கொண்டிருந்ததை, சும்மா பார்ப்பதற்குச் சின்னப் படம் போதும் என்று 512 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். 8 போய் 2 ஆனது. ஹெட் ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் இன்றுவரை வித்தியாசம் எதுவும் சொல்லவில்லை.

உசிலம்பட்டிதான் பாக்கி. அங்கே ஃபைபர் போகாத தெரு, 4ஜி ரவுட்டரில் ஓடுகிறது. காலையில் 12 எம்பிபிஎஸ், சாயங்காலம் 4, மழை நாளில் கடவுள் விட்ட வழி. ஷேப்பரில் எந்த எண்ணை எழுதுவது? 10 என்று எழுதினால் சாயங்காலம் வரிசை மறுபடியும் டவருக்குப் போய்விடும், 3 என்று எழுதினால் காலையில் முக்கால்வாசி லைன் வீண். போதாததற்கு அது விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே இன்னொரு உறை, சின்ன பாக்கெட்டான குரலுக்குத்தான் அந்த எடை அதிகம் உறைக்கிறது. அதனால் அங்கே குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாற்றினேன், உறைகளுக்கு முன் கணக்கில் 24 கேபிபிஎஸ்தான், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்கும். ஷேப்பரை இப்போதைக்கு 3.5-இல் வைத்திருக்கிறேன். மனசு ஒப்பவில்லை, அடுத்த வாரம் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மேலூரில் நேற்று 5:30-க்கு, ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நானாகக் கூப்பிட்டேன். குரல் வரிசையில் டிராப் பூஜ்யம். "எப்படிக்கா கேக்குது?"

"நல்லா கேக்குது தம்பி, பக்கத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை, லைன் போய்விட்டதோ என்று கவுன்ட்டரைப் பார்த்தேன். "ஜிஎம் சார் பேசுறதும் அப்படியே முழுசா கேக்குது. மத்தியானம் நாப்பது நிமிஷம்."